முதுநிலை மாணவருக்கு எச்.சி.ஐ.: எந்தப் புத்தகத்தை வைப்பது?

எம்.இ., எம்.டெக். மாணவர்களுக்கு மனித–கணினி ஊடாடல் (எச்.சி.ஐ.), அதாவது மக்கள் கணினியையும் ஆப்பையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதை எப்படி எளிதாக்குவது என்ற பாடத்தை முதல் தடவையாக எடுக்கப் போகிறவர் யாராவது என்னிடம் புத்தகம் கேட்டால், ஒரே புத்தகத்தை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. பாடத்திட்டப் படிவத்தில் 'பாடநூல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, நூலகத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், முதல் வகுப்பிலேயே "எதை வாங்கணும் சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். நான் இந்தப் பாடத்தை நான்கு முறை நடத்தியிருக்கிறேன், நான்கு முறையும் பட்டியலை மாற்றியிருக்கிறேன். மாற்றியதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை ஒரே புத்தகத்தை வைத்து அத்தியாயம் அத்தியாயமாக நடத்தினேன். தேர்வில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள். நல்ல திரைக்கு நீல்சன் சொன்ன பத்து விதிகளை வரிசை மாறாமல் எழுதினார்கள். ஆனால் ப்ராஜெக்ட் என்று வந்தபோது, தாங்கள் செய்த ஆப் பழைய ஆப்பை விட நன்றாக இருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நண்பர்கள் ஐந்து பேரிடம் கொடுத்து "நல்லா இருக்கா?" என்று கேட்டு, "நல்லா இருக்கு" என்ற பதிலை பார் சார்ட்டாகப் போட்டுக் கொண்டுவந்தார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. எப்படிச் சோதிப்பது என்று நான் சொல்லித்தரவில்லை, நான் வைத்த புத்தகமும் அதைப் போதுமான அளவு சொல்லித்தரவில்லை.

அதனால் இப்போது புத்தகத்தைத் தேடும்முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வது இதுதான்: செமஸ்டர் முடியும்போது மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும்? இளநிலைப் படிப்பில் நல்ல திரை எது, கெட்ட திரை எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். முதுநிலையில் அது போதாது. ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்து, இவர்கள் சொல்லும் முடிவை நம்பலாமா வேண்டாமா என்று சொல்லத் தெரிய வேண்டும், சின்னதாக ஒரு ஆய்வைத் தானே நடத்திப் பார்க்கவும் வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் புத்தகங்களின் வரிசை வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதற்கு நான் ஒரே ஒரு உதாரணத்தை எல்லாப் புத்தகங்களிடமும் கொண்டுபோனேன். சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் இருக்கும் தானியங்கி டிக்கெட் இயந்திரம்தான் அது. தொடுதிரை, மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், போகும் நிலையத்தைச் சொல்ல வேண்டும், பணம் கட்ட வேண்டும், டிக்கெட் வரும். "இதை எப்படி மேம்படுத்துவது?" என்று மாணவர் கேட்டால் இந்தப் புத்தகம் அவருக்கு என்ன வழி காட்டும்? இதுதான் என் சோதனை.

நம் ஊர்ப் பொறியியல் பாடத்திட்டங்களில் பல வருடமாக இருப்பது ஆலன் டிக்ஸ், ஜேனட் ஃபின்லே, கிரிகோரி அபோவ்ட், ரஸ்ஸல் பீல் ஆகிய நால்வரும் எழுதிய 'ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்'. முதல் பதிப்பு 1993, இப்போது நூலகங்களில் கிடைப்பது 2004-இன் மூன்றாம் பதிப்பு. ஐஃபோன் வந்தது 2007-இல். அதாவது விரலால் தொட்டு, தள்ளி, கிள்ளிப் பெரிதாக்கும் பழக்கம் உலகத்தில் பரவும்முன் எழுதி முடித்த புத்தகம் இது. டிக்கெட் இயந்திரத்தின் தொடுதிரையைப் பற்றி இதனிடம் கேட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. படங்களும் உதாரணங்களும் மாணவர்களுக்கு அவர்கள் பிறந்த காலத்துச் சமாச்சாரமாகத் தெரியும்.

இருந்தாலும் நான் இதை முழுதாகத் தூக்கிப் போடவில்லை, போடவும் மாட்டேன். பணிப் பகுப்பாய்வு, அறிதல் மாதிரிகள் (மனிதர் யோசித்துச் செயல்படுவதைக் கணிப்பவை), உரையாடல் குறியீடுகள் (பயனருக்கும் கணினிக்கும் நடக்கும் பரிமாற்றத்தை எழுதிக் காட்டுபவை) என்று இதில் வரும் அத்தியாயங்களின் ஆழம் பிற்பாடு வந்த பொதுப் பாடநூல்களில் எனக்குக் கிடைக்கவில்லை. டீ போடுவதைப் படிப்படியாகப் பிரித்துப் பணிப் பகுப்பாய்வைச் சொல்லித்தரும் இடத்தை வகுப்பில் அப்படியே நடத்தலாம், யாருக்கும் விளக்கமே தேவைப்படாது. கணினித் துறை மாணவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: நிலை வரைபடம், பெட்ரி வலை என்று தாங்கள் ஏற்கெனவே அறிந்த கருவிகளைக் கொண்டு இடைமுகத்தைப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் 'இது நம்ம பாடம்தான்' என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இதில் வரும் விசை அழுத்த மாதிரியை (ஒரு வேலைக்கு எத்தனை வினாடி ஆகும் என்று கணிக்கும் முறை), அதாவது கே.எல்.எம்-ஐ, நான் தமிழ்த் தட்டச்சை வைத்துத்தான் நடத்துகிறேன். கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட மாதிரி அது. ஒரு விசையை அழுத்த சுமாராகத் தட்டச்சு செய்பவருக்கு 0.28 வினாடி, ஒரு முறை யோசிக்க 1.35 வினாடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 'பள்ளி' என்ற சொல்லைத் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் ப, ள, ள, இ என்று நான்கே அழுத்தம், புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கில ஒலிப்பு முறையில் அடித்தால் ஐந்து எழுத்து, பெரிய எழுத்துக்காக ஷிப்ட்டை ஒரு தடவை பிடிக்க வேண்டும், ஆக ஆறு. 1.12 வினாடியா 1.68 வினாடியா என்று கணக்குப் போட்டதும் வகுப்பே தமிழ்99 பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் கேட்பேன்: அப்படியானால் இந்த வகுப்பில் எத்தனை பேர் தமிழ்99-இல் அடிக்கிறீர்கள்? இரண்டு கை தூக்கினால் அதிகம். விசைப்பலகை பழகாதவருக்கு அதே கே.எல்.எம். ஒரு அழுத்தத்துக்கு 1.20 வினாடி என்று தருகிறது, நான்கு அழுத்தம் 4.8 வினாடி ஆகிவிடும். கே.எல்.எம். பேசுவது தேர்ந்தவர் தவறில்லாமல் செய்யும் வேலையைப் பற்றி மட்டும்தான் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். மாதிரியின் பலமும் எல்லையும் ஒரே கணக்கில் தெரிந்துவிடுகிறது. இந்த வகுப்புக்காகவே டிக்ஸ் நூலகத்தில் இருக்க வேண்டும். பாடநூலாக வேண்டாம், சில அத்தியாயங்களுக்கு மட்டும்.

அடுத்தது 'இன்டராக்‌ஷன் டிசைன்'. ஜென்னி ப்ரீஸ், இவோன் ரோஜர்ஸ், ஹெலன் ஷார்ப் மூவரும் எழுதியது. 2002-இல் முதல் பதிப்பு, 2023-இல் ஆறாம் பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு ஆசிரியர் பெயர்களின் வரிசை மாறும், ஆகவே நூலகத்தில் தேடும்போது தலைப்பை வைத்துத் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாணவர்கள் வெவ்வேறு புத்தகம் என்று நினைத்துக் குழம்புவார்கள். இதன் பெரிய பலம் மொழி. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, பொறியியல் முடித்து, இப்போது முதுநிலைக்கு வந்திருக்கும் மாணவர் இதை அகராதி இல்லாமல் படித்துவிடுவார். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு வாரம் நாற்பது பக்கம் ஆங்கிலம் வாசிப்பதே பெரிய வேலை, அதில் சொற்றொடரோடும் மல்லுக்கட்டினால் கருத்து எங்கே தங்கும்?

டிக்கெட் இயந்திரத்தை இந்தப் புத்தகத்திடம் கொண்டுபோனால் நல்ல வழி காட்டுகிறது. முதலில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பார், தேவைகளை எழுது, காகிதத்தில் வரைந்து முன்மாதிரி செய், அவர்களிடமே காட்டு, திருத்து என்று கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. என் மாணவர்கள் அப்படித்தான் நிலையத்துக்குப் போனார்கள். போய் நின்று பார்த்தபோது முக்கியமான ஒன்றைக் கண்டார்கள்: நிறையப் பயணிகள் திரையைத் தொடுவதே இல்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு உதவியாளர் நிற்கிறார், பயணி ஊரின் பெயரைச் சொல்லிக் காசைக் கொடுக்கிறார், உதவியாளர் தன் ஸ்மார்ட் கார்டை வைத்து நாலு தட்டில் டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார். அப்படியானால் இங்கே பயனர் யார்? பயணியா, உதவியாளரா? எழுத்தைப் பெரிதாக்கலாம், பொத்தானின் நிறத்தை மாற்றலாம் என்று முந்தின நாள் வகுப்பில் பேசியதெல்லாம் ஓரமாகப் போய்விட்டது. ஐந்து நொடி வித்தியாசத்தை அளந்துகொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இந்தப் புத்தகத்தின் குறை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்வது. உணர்வு, சமூகம், தரவு, முன்மாதிரி, மதிப்பீடு என்று எல்லாம் இருக்கிறது, ஆனால் எதிலும் ஒரு அளவுக்கு மேல் இறங்காது. புள்ளியியல் பகுதி எட்டிப் பார்ப்பதோடு சரி. முதுநிலை வகுப்புக்கு இது மட்டும் போதும் என்று விட்டால், மாணவர் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார், எதையும் நிறுவத் தெரியாது. பதிப்பு விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். ஐந்தாம் பதிப்பு, 2019-இல் வந்தது, பெருந்தரவு பற்றித் தனி அத்தியாயத்தோடு இருக்கிறது, அதுவே போதும். நான்காம் பதிப்பு கையில் இருந்தாலும் முக்கால்வாசிப் பாடம் ஓடிவிடும்.

பென் ஷ்னைடர்மனின் 'டிசைனிங் த யூசர் இன்டர்ஃபேஸ்' நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் தொடங்கி 2016-இல் ஆறாம் பதிப்பு வரை வந்திருக்கிறது. நேரடிக் கையாளல், அதாவது திரையில் இருக்கும் பொருளையே பிடித்து இழுத்து வேலை செய்வது என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவரே அவர்தான், அந்தப் பகுதியை அவர் எழுத்திலேயே வாசிக்க வேண்டும். இடைமுக வடிவமைப்புக்கு அவர் சொல்லும் எட்டுப் பொன்விதிகளும் நல்லவைதான். ஆனால் புத்தகம் முழுக்க ஒரு கலைக்களஞ்சியம் மாதிரி இருக்கிறது: மெனுவுக்கு இது, படிவத்துக்கு இது, தேடலுக்கு இது என்று. வேலைக்குப் போன பிறகு மேஜையில் வைத்துக்கொள்ள அருமையான நூல். பதினைந்து வாரத்தில் நடத்த எனக்குச் சரிவரவில்லை. ஹார்ட்சன், பைலா எழுதிய 'த யூ.எக்ஸ். புக்' பற்றியும் இதையேதான் சொல்வேன், அது இன்னும் தடிமன். உங்கள் மாணவர்கள் எல்லோரும் நேராக வடிவமைப்பு வேலைக்குத்தான் போகிறார்கள் என்றால் அதன் செயல்முறைப் பகுதிகளைப் பாருங்கள்.

இப்போது எனக்கு அதிக நேரம் பிடித்த முடிவுக்கு வருகிறேன். ஆய்வு முறைக்கு ஸ்காட் மெக்கென்சியா, லஸார் கூட்டணியா?

கனடாவில் யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் மெக்கென்சி. அவருடைய 'ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்: அன் எம்பிரிக்கல் ரிசர்ச் பெர்ஸ்பெக்டிவ்' 2013-இல் வந்தது, 2024-இல் இரண்டாம் பதிப்பு. எட்டே அத்தியாயம். வரலாறு, மனிதன், ஊடாடல் கூறுகள், அறிவியல் அடிப்படை, சோதனை வடிவமைப்பு, கருதுகோள் சோதனை, மாதிரிகள், கடைசியில் கட்டுரை எழுதுவது எப்படி. ஒரே ஆள் எழுதிய புத்தகம் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே குரல், ஒரே பிடிவாதம்: அளக்காமல் பேசாதே. ஒரு இலக்கைச் சுட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று ஃபிட்ஸ் 1954-இல் சொன்ன விதிக்கு இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை, தூரத்தை அகலத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டி மடக்கை எடுக்கும் அந்த வடிவத்தை, முன்வைத்தவர் இவர்தான். ஆகவே அந்த விதியைப் படிக்க இதைவிட நேரடியான இடம் கிடையாது.

மூன்றாம் முறை இந்தப் பாடத்தை நடத்தியபோது இதை மையமாக வைத்தேன். வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. முந்தின வருடம் ஒரு குழு மூன்று விசைப்பலகைகளை ஒப்பிட்டு, இரண்டிரண்டாக எடுத்து மூன்று டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டுக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் தவறிப்போக நூற்றில் ஐந்து வாய்ப்பு என்றால், மூன்று சோதனையில் ஒன்றாவது தவறாக 'வித்தியாசம் இருக்கிறது' என்று சொல்ல நூற்றில் பதினான்கு வாய்ப்பு வந்துவிடும், இது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. போதாததற்கு எல்லாப் பங்கேற்பாளரும் ஒரே வரிசையில் விசைப்பலகைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள், மூன்றாவது வேகமாக இருந்ததற்குக் காரணம் விசைப்பலகையா, பழக்கமா என்று யாரும் சொல்ல முடியாது. மெக்கென்சியை வாசித்த குழு, மூன்று விசைப்பலகைக்கு ஆறு வரிசைகள், பன்னிரண்டு பேர், வரிசைக்கு இரண்டு பேர் என்று திட்டத்தை எழுதிக்கொண்டு வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் அதே வருடம் அதே டிக்கெட் இயந்திரத்துக்கு அனுப்பியபோது என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாக் குழுக்களும் இரண்டு திரை அமைப்பை எடுத்துக்கொண்டு, நேரத்தையும் பிழையையும் அளந்து, அனோவா என்ற புள்ளியியல் சோதனை போட்டு வந்தார்கள். கணக்கெல்லாம் சரி. உதவியாளரைப் பற்றி ஒரு வரி இல்லை. பார்த்ததைக்கூட எழுதவில்லை, ஏனென்றால் அது அளவிடக்கூடிய மாறி இல்லையே! நேர்காணல், களத்தில் நின்று கவனிப்பது, சொன்னதைக் குறியீடு செய்து கருப்பொருளாகத் தொகுப்பது, இவற்றுக்கெல்லாம் மெக்கென்சி கொடுத்த இடம் மிகவும் குறைவு. அவர் எழுத எண்ணிய புத்தகம் அது இல்லை, அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பாடத்துக்கு மட்டும் அது போதவில்லை.

ஜொனதன் லஸார், ஜின்ஜுவான் ஃபெங், ஹாரி ஹொக்ஹைசர் எழுதிய 'ரிசர்ச் மெதட்ஸ் இன் ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்' 2010-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2017. சோதனை, புள்ளியியல், கருத்துக்கணிப்பு, நாட்குறிப்பு, நேர்காணல், களஆய்வு, பயன்பாட்டுச் சோதனை, தானாகப் பதிவாகும் தரவு என்று முறைக்கு ஒரு அத்தியாயம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்கேற்பாளர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும், மாற்றுத்திறனாளிகளோடு ஆய்வு செய்வதற்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்காகவே நான் கடைசியில் இதன் பக்கம் வந்தேன். இரண்டாம் முறை நடத்தியபோது ஒரு குழு நிலையத்தில் நின்றவர்களை அனுமதி கேட்காமல் செல்ஃபோனில் வீடியோ எடுத்து வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன், அந்தக் குழுவின் மூன்று வார உழைப்பு போயிற்று. முன்கூட்டியே நான் அந்தப் பாடத்தை எடுத்திருக்க வேண்டும். இப்போது மூன்றாவது வாரத்திலேயே அந்த அத்தியாயம், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் யாரும் வெளியே போகலாம்.

லஸாரின் குறை, ஏன் என்பதைவிட எப்படி என்பதற்கு அதிக இடம். எந்தச் சூழலுக்கு எந்தச் சோதனை என்று தெளிவாகச் சொல்லும், அந்தச் சோதனையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு மெக்கென்சிதான் வேண்டும். வடிவமைப்பைப் பற்றி அதில் தேடாதீர்கள், அது அதன் வேலையே இல்லை. இதைவிட ஆழம் வேண்டும் என்றால் ஜூடித் ஓல்சன், வெண்டி கெல்லாக் தொகுத்த 'வேஸ் ஆஃப் நோயிங் இன் எச்.சி.ஐ.' இருக்கிறது, 2014-இல் வந்தது, ஒவ்வொரு முறைக்கும் அதில் ஊறியவரே எழுதிய அத்தியாயம். பிஎச்.டி. மாணவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

டான் நார்மனின் 'த டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' பாடநூல் இல்லை, ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. 2013-இன் திருத்திய பதிப்பை வாங்கச் சொல்லுங்கள், 1988-இன் பழைய பதிப்பு வேண்டாம். 'அஃபோர்டன்ஸ்' (ஒரு பொருளை வைத்து என்ன செய்ய முடியும் என்பது) என்ற சொல்லை எல்லோரும் கண்டபடி பயன்படுத்தியதால் 'சிக்னிஃபையர்' (அதை எங்கே, எப்படிச் செய்வது என்று காட்டும் அடையாளம்) என்று வேறொரு சொல்லைத் திருத்திய பதிப்பில்தான் சேர்த்துப் பிரித்துக் காட்டுகிறார். பழைய பதிப்பை வாசித்தவரும் புதியதை வாசித்தவரும் வகுப்பில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். இத்தனை புத்தகங்களையும் ஒரு மாணவர் வாங்குவது நடக்காது, கேட்கவும் கூடாது. உங்கள் நூலகத்துக்கு எல்ஸ்வியர், ஸ்பிரிங்கர் பதிப்பகங்களின் சந்தா இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். லஸார், மெக்கென்சி இரண்டும் எல்ஸ்வியர் பக்கம், ஓல்சன் தொகுப்பு ஸ்பிரிங்கர் பக்கம். மூலக் கட்டுரைகளில் பல இலவசம்: கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். 1951 முதல் 2000 வரை தான் வெளியிட்டவற்றை 2022-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கே.எல்.எம். கட்டுரை, கூல்டும் லூயிஸும் 1985-இல் எழுதிய பயன்பாட்டு வடிவமைப்புக் கட்டுரை, நீல்சனும் மோலிக்கும் 1990-இல் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை, எல்லாம் அதற்குள் வருகின்றன. பாடநூலில் இரண்டு பத்தியில் சுருங்கியிருக்கும் விஷயத்தை மூலத்தில் வாசிக்கும்போது, எத்தனை பேரை வைத்துச் சொன்னார்கள், எங்கே தயங்கினார்கள் என்பதெல்லாம் தெரிகிறது.

ஆக இந்த வருடத்து என் ஏற்பாடு இப்படி. படிவத்தில் பாடநூல் என்ற கட்டத்தில் 'இன்டராக்‌ஷன் டிசைன்', பக்கத்திலேயே லஸார். முதல் இரண்டு வாரம் நார்மன். மூன்றாம் வாரம் பங்கேற்பாளர் அத்தியாயம். அதன்பின் ஆறு வாரம் 'இன்டராக்‌ஷன் டிசைன்', கூடவே நிலையத்துக்குப் போய் வருவது. நடுவில் டிக்ஸிலிருந்து பணிப் பகுப்பாய்வும் அறிதல் மாதிரிகளும் இரண்டு வாரம். சோதனை வடிவமைப்புக்கு மெக்கென்சியின் ஐந்தாம், ஆறாம் அத்தியாயம், மூன்று வாரம், அவசரப்படாமல். மீதி வாரம் ப்ராஜெக்டுக்கும் கட்டுரைகளுக்கும். ஒவ்வொரு குழுவும் ஒன்றை அளக்க வேண்டும், ஒருவரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று எழுத வேண்டும்.

உங்கள் வகுப்பு முழுக்கக் கணினித் துறைதான், எல்லோரும் தீசிஸ் எழுதப் போகிறவர்கள், புள்ளியியல் ஏற்கெனவே தெரியும் என்றால், லஸாரின் இடத்தில் மெக்கென்சியை வையுங்கள், நேர்காணலுக்கும் களஆய்வுக்கும் மட்டும் லஸாரிலிருந்து இரண்டு அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு, உளவியல் துறைகளிலிருந்தும் மாணவர்கள் வந்தால் நான் சொன்ன வரிசையே இருக்கட்டும். ஒரே புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்று ஒரு மாணவர் வந்து நின்றால், நார்மனை வாங்கச் சொல்கிறேன். மற்றவை நூலகத்தில் இருக்கின்றன, அதுமட்டும் வீட்டில் இருக்கட்டும், தம்பி தங்கையும் படிப்பார்கள்.